பன்னிரண்டாம் ஊசி

மாட்ரெட்ஷ் வாய்க்காலுக்குப் பின்னால்,
பழைய துணிக்கிடங்கின் கீழறையில்
இன்றைக்கு இருபத்தேழு மொனிட்டர்.
நீச்சல்குளத்து டிக்கெட் கவுண்டரிலிருந்து ஒன்பது,
மிருக வைத்தியரிடமிருந்து இரண்டு,
அதில் ஒன்றின் காலில் இன்னும் பூனைமயிர்.
மிச்சமெல்லாம் நகரசபை.
ஒடில் தேத்தண்ணி ஊற்றுகிறாள்.
நான் கேபிள் செருகுகிறேன்.

செருகினதும் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.
கொம்பியூட்டர் கேட்கும்: ஆர் நீ?
எத்தனை புள்ளி அகலம், எத்தனை உயரம்,
நொடிக்கு எத்தனை தரம் இமைப்பாய்?
நூற்றிருபத்தெட்டு பைட்டுக்குள்
மொனிட்டர் சொல்லி முடித்துவிடும்
தன் குலம் கோத்திரம்,
பிறந்த ஆண்டு, பிறந்த வாரம்.
நட்சத்திரம்தான் பாக்கி.

இதையெல்லாம் கையால் எழுதின காலம் ஒன்று இருந்தது.
கிடைக்கோட்டுக்கு முப்பதிலிருந்து எழுபது,
செங்குத்துக்கு ஐம்பதிலிருந்து நூற்றிருபது.
ஒரு எண் பிசகினால்
வயிறு பெருத்த அந்தக் கண்ணாடிப் பெட்டி
நுளம்பு மாதிரிக் கீச்சிடும்.
பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.
ஒருமுறை பிந்திவிட்டேன்.
அந்த மணம் மேல்மாடி யோகா வகுப்புவரை போனது.

இப்போது எழுதக் கோப்பும் இல்லை, ஆளும் வேண்டாம்.
கேட்கும், பதில் வரும்,
திரை தன் அளவுக்குத் தானே விரிந்துகொள்ளும்.

பதினான்காவது மட்டும் வாய் திறக்கவில்லை.

கேட்டது. காத்திருந்தது. மறுபடி கேட்டது.
பிறகு
பதில் சொல்லாதவர்களுக்கென்று வைத்திருக்கும் அளவை எடுத்தது:
ஆயிரத்து இருபத்துநாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு.
எவருக்கும் கெடுதல் இல்லாத,
எவருக்கும் பொருந்தாத அளவு.
அகலத் திரையில் எழுத்தெல்லாம் கொழுத்து இழுபட,
வட்டங்கள் படுத்த முட்டைகளாயின.

இந்த அளவை எனக்குத் தெரியும்.

இந்த ஊருக்குப் பெயர் இரண்டு, பீல் என்றும் பியேன் என்றும்.
பேக்கரியில் எவர் முதலில் வாய் திறக்கிறாரோ
அவர் மொழிதான் அந்தக் கதை முடியும்வரை.
காதால் கண்டுபிடிப்பார்கள், மாறிக்கொள்வார்கள்.
நல்ல ஏற்பாடு.
நேற்று நான் பேர்ன் பேச்சில், ஒரு பிசகில்லாமல்,
இரண்டு வெண்ணெய்ப் பின்னலும் ஒரு கறுப்புப் பாணும் கேட்டேன்.
புதிதாய்ச் சேர்ந்த பெட்டை என் முகத்தைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு,
ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி மேசையில் வைத்து,
பாடப்புத்தக ஜெர்மனில்,
கொஞ்சம் சத்தமாக:
பை. வேண்டுமா. உங்களுக்கு.

வேண்டாம் என்றேன்.
பையோடுதான் வந்திருந்தேன்.

ஒடில் கேபிளைக் கழற்றி விளக்கில் பிடிக்கிறாள்.
மூன்று வரிசை ஊசிகள்.
பன்னிரண்டாவது மடங்கிப் படுத்திருக்கிறது.
படம் போகும் வழியெல்லாம் சுகம்,
பெயர் சொல்லும் வழி மட்டும் இல்லை.
"தலைகீழாய்ச் செருகப் பார்த்திருக்கிறான்,
நகரசபை ஆள்தான்," என்று பிரெஞ்சில் ஏசுகிறாள்.
அவள் கைப்பையிலிருந்து புருவம் பிடுங்கும் இடுக்கி வருகிறது.
மெல்ல நிமிர்த்துகிறேன்.
முறிந்தால் போச்சு.

செருகினேன்.
கேட்டது.
கறுப்பு, ஒரு இமைப்பு,
பிறகு ஆயிரத்து அறுநூற்று எண்பது புள்ளிக்கு
திரை இரண்டு ஓரத்திலும் போய் முட்டி நின்றது.
முட்டைகள் வட்டமாயின.

லேபலில் எழுதப் பதிவைத் திறந்து வாசித்தேன்:
இரண்டாயிரத்து ஏழு, முப்பத்தோராம் வாரம்.

விரல் விட்டு எண்ணினேன். ஓகஸ்ட் தொடக்கம்.
சுவிஸ் தேசியநாள் வாணவெடிக்கு மறுநாள்,
ஸ்டேஷன் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில்,
நான் கார் ஓட்டும் சோதனையில் இரண்டாம் தரம் தவறின வாரம்.
பரிசோதகர் எஷ்லிமான் வடிவாகச் சொன்னார்,
எல்லாம் சரி அம்மணி,
கண்ணாடியைத்தான் நீங்கள் பார்ப்பதேயில்லை.

அதே வாரம், எந்த ஊரிலோ,
இரவு வேலையோ பகல் வேலையோ,
ஒருவர் இதன் வயிற்றில்
நூற்றிருபத்தெட்டு பைட்டை வைத்து
ஸ்குரூ முடுக்கியிருக்கிறார்.

"பதினைந்தாவதை எடு," என்கிறாள் ஒடில்.
"தேத்தண்ணி ஆறிப்போச்சு."